அடுக்கி வைத்தால் கைவேலை ஆகிவிடுமா?

பள்ளிக்கூடத்தில் கண்காட்சி என்றால், அதற்கு முந்தின நாள் ராத்திரி எட்டு மணிக்குப் பக்கத்துத் தெரு ஃபேன்ஸி ஸ்டோருக்குப் போய்ப் பாருங்கள். கல்லாவுக்கு முன்னால் ஐந்தாறு அம்மாக்கள், இரண்டு மூன்று அப்பாக்கள். எல்லார் கையிலும் மிஸ் எழுதிக் கொடுத்த லிஸ்ட். கிளிட்டர் சார்ட் இரண்டு, ஃபோம் ஷீட் ஒரு பாக்கெட், ஸ்டிக்கர் கல் ஒரு அட்டை, குவில்லிங் பட்டை ஐந்து நிறம், பூ வடிவம் வெட்டுகிற பஞ்ச் ஒன்று... பிள்ளை எங்கே? வீட்டில் தூங்குகிறது. காலையில் எழுந்து "என் பிராஜெக்ட்" என்று தூக்கிக்கொண்டு போவது மட்டும்தான் அதன் வேலை :-)

மறுநாள் கண்காட்சி. பளபளவென்று மின்னும் மேஜைக்கு முன்னால் கூட்டம். மூலையில் ஒரு பையன் காலண்டர் அட்டையையும் பழைய கல்யாணப் பத்திரிகையையும் வெட்டி ஒரு வீடு செய்து வைத்திருக்கிறான். வரைந்தது, வெட்டியது, ஒட்டியது எல்லாம் அவனே. கூரை ஒரு பக்கம் கொஞ்சம் கோணல். மார்க் யாருக்கு? சொல்லவே வேண்டாம். மின்னுகிற மேஜைக்குப் பத்துக்குப் பத்து. கோணல் கூரைக்கு ஆறு. "இன்னும் கொஞ்சம் நீட்டா பண்ணியிருக்கலாம்" என்ற அறிவுரை இலவசம்.

அந்த நாலு மார்க் எதற்காகப் போனது? ஒரு கடைக்குப் போகாததற்காக. இதற்கு ஒரு பெயர் வைக்க வேண்டுமென்றால், கடைச் சீட்டுக்கு மார்க் என்று வைக்கலாம்.

காகித வேலைக்குச் சாமான்தான் முக்கியம், சாமான் நிறைய இருந்தால் திறமை தானாக வரும், அதை அழகாக டப்பா டப்பாவாக அடுக்கி வைத்தால் கலைஞர் ஆகிவிடலாம் என்ற எண்ணம் இப்போது நன்றாக வேர் பிடித்துவிட்டது. வீடியோக்களைப் பாருங்கள். "வாங்கியவை" என்று ஒரு வீடியோ. "அடுக்கியவை" என்று அடுத்த வீடியோ. "செய்தவை" என்ற வீடியோ மட்டும் வருவதே இல்லை! ஐம்பது நிறத்தில் டேப், நிற வரிசையில் பேனா, கண்ணாடி ஜாடியில் பொத்தான். பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. துணிக்கடை ஷோகேஸும் அழகுதான். அதற்காகக் கடைக்காரரை நெசவாளி என்று யாரும் சொல்வதில்லையே.

சரி, விஷயத்துக்கு வருவோம். காகிதத்தில் உண்மையிலேயே பெரிய வேலை செய்தவர்கள் என்ன வைத்திருந்தார்கள்?

போலந்து நாட்டில் விசினான்கி என்று ஒரு காகித வெட்டுக்கலை. குர்ப்பியே, வோவிச் என்ற இரண்டு பகுதிகள் அதற்குப் பேர் போனவை. கிராமத்துப் பெண்கள் சேவலும் பூவும் மரமுமாக, ஊசி முனை அளவு நுணுக்கத்தில் வெட்டித் தங்கள் வீட்டுச் சுவரில் ஒட்டினார்கள். எதை வைத்து வெட்டினார்கள் தெரியுமா? ஆட்டு மயிர் கத்தரிக்கிற பெரிய கத்தரிக்கோல்! அதைப் பிடிக்கவே தனி பலம் வேண்டும்.

இங்கிலாந்தில் மேரி டிலேனி என்றொரு பாட்டி. பிறந்தது 1700. காகிதப் பூ செய்ய ஆரம்பித்தது 1772ல், அதாவது 72 வயதில். வண்ணக் காகிதத்தைக் கத்தரித்துக் கறுப்புத் தாளில் ஒட்டி, ஒவ்வொரு செடியையும் இதழ், மகரந்தத் தாள், இலை நரம்பு உட்படச் செய்தார். பத்து வருஷத்தில் ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவாகப் படங்கள். கண் பார்வை மங்கிய பிறகுதான் நிறுத்தினார். அவை இன்றும் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன.

பிரான்ஸில் ஓவியர் மாட்டிஸ். 1941ல் பெரிய அறுவை சிகிச்சை நடந்தது. அதன் பிறகு நாற்காலியும் கட்டிலும்தான் வாழ்க்கை. உதவியாளர்கள் சாயம் பூசிக் கொடுத்த தாளை அவர் கத்தரிக்கோலால் வெட்டினார். 1947ல் வெளிவந்த 'ஜாஸ்' புத்தகம் அப்படிப் பிறந்தது. ஜப்பானில் அகிரா யோஷிசாவா (1911 - 2005) கத்தரிக்கோல்கூட எடுக்கவில்லை. தாளை லேசாக ஈரமாக்கி மடிக்கும் முறையைக் கண்டுபிடித்து, ஒரு சதுரத் தாளிலிருந்து உயிருள்ள மிருகத்தைப் போலவே உருவம் கொண்டு வந்தார்.

"அவங்கல்லாம் மேதைங்க, வெளிநாட்டுக்காரங்க" என்று ஒரு குரல் வரும். ஆகவே உள்ளூருக்கே வருவோம்.

1893. மதராஸ். டி. சுந்தர ராவ் என்பவர் ஒரு கணிதப் புத்தகம் வெளியிட்டார். காகிதத்தை மடித்தே வடிவ கணிதம் கற்பது எப்படி என்பதுதான் விஷயம். சதுரம், சமபக்க முக்கோணம், ஐங்கோணம் என்று ஆரம்பித்து, பரவளையம், நீள்வட்டம் வரைக்கும் மடிப்பிலேயே போகிறார். ஜெர்மனியின் பெரிய கணித மேதை ஃபெலிக்ஸ் கிளைன் தன் நூலில் இதைக் குறிப்பிட, 1901ல் அமெரிக்காவில் புதிய பதிப்பு வந்தது. இந்த யோசனை அவருக்கு எங்கிருந்து வந்தது? ஜெர்மனியில் ஃப்ரோபெல் தொடங்கிய கிண்டர்கார்டன் முறையில் சின்னக் குழந்தைகளுக்குக் கொடுக்கிற காகித மடிப்புப் பெட்டியிலிருந்து. அந்தப் பெட்டியில் இருந்தவை சதுரத் தாள்கள், மடிப்பை அழுத்த ஒரு பட்டை, செய்முறைப் படங்கள். அவ்வளவுதான். அந்த வண்ணத் தாள்தான் வேண்டும் என்றுகூட சுந்தர ராவ் அடம்பிடிக்கவில்லை. மிதமான கனமுள்ள எந்தத் தாளும் போதும் என்று சொல்லிவிட்டார்.

எந்தத் தாளும் போதும்! சென்னையில் அச்சான வார்த்தை. அது வெளிவந்து நூற்று முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதே சென்னையில் இன்றைக்குக் கிளிட்டர் சார்ட் இல்லையென்றால் நாலு மார்க் குறைவு.

*

"அப்போ கருவியே வேண்டாமா?" என்று கேட்டால், வேண்டும். ஐந்து வேண்டும். ஐந்தும் நல்லதாக வேண்டும். அவற்றை எப்படிப் பிடிப்பது என்று தெரிய வேண்டும். கடைக்காரர் ஐம்பது விற்பார், பிடிக்கிற விதத்தைச் சொல்லித் தர மாட்டார். அது அவர் வேலையும் இல்லை.

ஒன்று, கத்தரிக்கோல். காகிதத்துக்கென்று தனியாக ஒன்று. மீரட்டில் பழைய இரும்பிலிருந்து அடிக்கிற கத்தரி மாதிரி, சாணை பிடித்துப் பிடித்துப் பல வருஷம் ஓட்டக்கூடியதாக இருந்தால் நல்லது. வளைவு வெட்டும்போது கத்தரியைத் திருப்பக்கூடாது. கத்தரி நிற்க வேண்டும், தாள்தான் சுழல வேண்டும். இந்த ஒரு விஷயம் தெரிந்தால் வட்டம் வெட்டுகிற பஞ்ச் பாதிப் பேருக்குத் தேவையே படாது.

இடது கைப் பழக்கம் உள்ள பிள்ளையைப் பற்றி இங்கே சொல்லியே ஆக வேண்டும். சாதாரணக் கத்தரிக்கோல் வலது கைக்காகச் செய்தது. வலது கையில் பிடித்தால் விரல்களின் அழுத்தம் இரண்டு அலகையும் ஒன்றோடொன்று நெருக்கும். இடது கையில் பிடித்தால் அதே அழுத்தம் அலகுகளை விலக்கும். தாள் வெட்டுப்படாமல் நடுவில் மடங்கிக்கொள்ளும். போதாக்குறைக்கு மேல் அலகு கோட்டையே மறைத்துவிடும். பிள்ளைக்குக் கை வரவில்லை என்று திட்டுகிறார்கள். கை நன்றாகத்தான் இருக்கிறது, கருவிதான் தப்பு. அலகுகள் மாற்றிப் பொருத்திய இடது கைக் கத்தரி கிடைக்கிறது. (பிடி மட்டும் வளைந்திருந்தால் அது இடது கைக் கத்தரி ஆகாது, ஏமாறாதீர்கள்.) பத்து வகை கிளிட்டர் வாங்குகிற பள்ளிக்கூடம் இதில் இரண்டு வாங்கி வைத்திருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

இரண்டு, அலகை ஒடித்து ஒடித்துப் பயன்படுத்தும் கட்டர். இது 1956ல் ஒசாகாவில் யோஷியோ ஒகாடா கண்டுபிடித்தது. உடைந்த கண்ணாடிச் சில்லின் கூர்மையும், கட்டம் கட்டமாக ஒடிகிற சாக்லேட்டும் சேர்ந்து கொடுத்த யோசனை அது. ஓல்ஃபா என்ற பிராண்டின் பெயரே ஜப்பானிய மொழியில் 'ஒடிக்கும் அலகு' என்று பொருள்படும் சொற்களிலிருந்து வந்ததுதான். முனை மழுங்கினால் ஒரு கட்டம் ஒடித்தால் புதுக் கூர். இங்கே பல பேர் வாங்கிய நாளிலிருந்து ஒரு முறைகூட ஒடிப்பதில்லை! மழுங்கின அலகுதான் ஆபத்து. அழுத்தம் கூடும், வழுக்கும், விரலுக்கு வரும். அட்டையை ஒரே இழுப்பில் வெட்டக்கூடாது, மெதுவாக மூன்று நாலு தடவை இழுக்க வேண்டும். ஒடித்த துண்டைக் குப்பையில் அப்படியே போடக்கூடாது. பழைய டப்பாவில் போட்டு, டேப் சுற்றித்தான் போட வேண்டும். அந்தக் குப்பையைக் கையால் அள்ளுகிற மனிதர் ஒருவர் இருக்கிறார். சின்னப் பிள்ளைகளுக்குக் கட்டர் வேண்டவே வேண்டாம், பெரியவர் பக்கத்தில் இருக்கட்டும்.

மூன்று, ஸ்டீல் ஸ்கேல். பிளாஸ்டிக் ஸ்கேலை வைத்துக் கட்டரால் வெட்டினால் நாலாவது வெட்டில் கட்டர் ஸ்கேலையே சீவிவிடும். அப்புறம் ஆயுசுக்கும் கோணல் கோடுதான்.

நாலு, மடிப்பை அழுத்த ஒரு பட்டை. புத்தகம் கட்டுகிறவர்கள் எலும்பில் செய்த பட்டை வைத்திருப்பார்கள். வீட்டில் ஸ்பூனின் முதுகு போதும், ஐஸ் குச்சியும் போதும். கெட்டி அட்டையை மடிக்கும் முன்பு மை தீர்ந்த ரீஃபில்லால் ஸ்கேல் வைத்து ஒரு கோடு அழுத்தினால், மடிப்பு அந்தக் கோட்டிலேயே வந்து விழும்.

ஐந்து, பசை. வெள்ளைப் பசை இருந்தால் சரி, இல்லையென்றால் மைதா காய்ச்சினாலும் சரி. ஒட்டின தாள் ஏன் சுருங்குகிறது? பசையில் இருக்கிற தண்ணீர் காகித இழையை ஊதச் செய்கிறது. ஆகவே பசை அதிகமானால் சுருக்கம் அதிகம். மெல்லிசாகத் தடவி, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளி, காயும் வரை மேலே நாலு புத்தகம் வைத்தால் போதும். 'சுருங்காத ஸ்பெஷல் பசை' தேடி அலைய வேண்டாம்.

இவற்றோடு ஆறாவதாக ஒன்று இருக்கிறது, அது எந்தக் கடையிலும் கிடைக்காது. தாளின் இழை ஓட்டம். மிஷினில் செய்கிற தாளில் இழைகள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருக்கும். அந்தத் திசையில் மடித்தால் மடிப்பு கத்தி மாதிரி வரும். குறுக்கே மடித்தால் அட்டை வெடித்து உள்வெள்ளை தெரியும். கண்டுபிடிப்பது சுலபம்: அட்டையை மடிக்காமல் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் சுலபமாக வளைகிறதோ அந்த மடிப்புதான் இழையோடு போகிற மடிப்பு. செய்தித்தாளை ஒரு திசையில் கிழித்தால் நேராகவும் மறு திசையில் கிழித்தால் தாறுமாறாகவும் போவதும் இதனால்தான். கோணல் கூரைப் பையனுக்கு மிஸ் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டியது இதை. அவனுக்குக் கிடைத்ததோ "நீட்டா பண்ணு" மட்டும்.

*

இப்போது அடுக்கும் கதை. அடுக்குவது தப்பா? இல்லவே இல்லை. தச்சர் உளியைக் கண்ட இடத்தில் போடுவதில்லை. தையல்காரர் ஊசியைத் தேடிக்கொண்டிருப்பதில்லை. ஆனால் அவர்கள் அடுக்குவது கை நீட்டினால் கிடைக்க. வீடியோவில் அடுக்குவது கண்ணுக்குத் தெரிய. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

வேலைக்காக அடுக்குகிறவருக்கு நாலு விதி போதும். தாளைப் படுக்கப் போட வேண்டும். நிற்க வைத்தால் வளையும், சுருட்டி வைத்தால் விரியாது. வெயிலும் ஈரமும் படாமல் வைக்க வேண்டும்; வெயிலில் நிறம் போகும், மழைக்காலத்தில் தாள் நமத்துப்போகும், அப்புறம் ராமபாணப் பூச்சிக்கு விருந்து. பொருள் வாரியாகப் பிரிப்பதைவிட வேலை வாரியாகச் சேர்க்க வேண்டும். வெட்டுகிற சாமான் ஒரு டப்பா, ஒட்டுகிற சாமான் ஒரு டப்பா, எடுத்தால் ஒரே கையில் எல்லாம் வர வேண்டும். நாலாவது விதி துண்டுத் தாளுக்கு: உள்ளங்கையைவிடச் சின்னதைக் கழித்துவிட வேண்டும், பெரியதைப் புதுத் தாளுக்கு முன்னால் எடுக்க வேண்டும். இதற்கு ஸ்வீட் பாக்ஸ் இரண்டும் பிஸ்கட் டப்பா ஒன்றும் போதும். லேபிள் அடிக்கிற மிஷின் எல்லாம் எதற்கு? மூன்று டப்பாவுக்கு லேபிள் வேண்டுமென்றால் சிக்கல் டப்பாவில் இல்லை :-)

இன்னொரு விஷயம். அழகாக அடுக்கின சாமானை எடுத்தால் அடுக்கு கலையும். கலையக்கூடாது என்றே எடுக்காமல் விடுகிறவர்கள் எத்தனை பேர்! "நல்ல தாள், வீணாக்கக்கூடாது, பெரிய வேலைக்கு வைத்துக்கொள்வோம்." அந்தப் பெரிய வேலை வருவதே இல்லை. தாள் பழுத்து, பசை கட்டியாகி, ஸ்கெட்ச் பேனா காய்ந்து, எல்லாம் வரிசையாக, நிற வாரியாகச் செத்துக் கிடக்கும்.

*

எதிர்வாதம் வரும். அதையும் பார்த்துவிடலாம்.

"மட்டமான கருவி கொடுத்தால் பிள்ளை வெறுத்துப் போகாதா?" நியாயம். நூற்றுக்கு நூறு நியாயம். அதனால்தான் ஐம்பது மட்டமான சாமானுக்குப் பதில் ஐந்து நல்ல சாமான் என்கிற வாதம்.

"அவரவர் காசு, அவரவர் சந்தோஷம். வாங்குவதும் ஒரு பொழுதுபோக்குதானே?" ஆமாம். ஸ்டாம்பு சேர்ப்பவர் உண்டு, டேப் சேர்ப்பவரும் இருக்கட்டும், யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அந்தச் சேகரிப்பு வகுப்பறைக்குள் வந்து மார்க் வாங்கும்போது அது சொந்த சந்தோஷமாக மட்டும் இருப்பதில்லை. பக்கத்து பெஞ்ச் பிள்ளையின் மார்க்கைத் தின்கிறது. தமிழ்நாட்டில் 2012-13ல் முப்பருவ முறை வந்தபோது தேர்வுக்கு 60, வகுப்பில் செய்யும் செயல்பாடுகளுக்கும் சிறு தேர்வுகளுக்கும் 40 என்று பிரித்தார்கள். மனப்பாடம் செய்ய முடியாத பிள்ளையும் தன் கையால் செய்து காட்டட்டும் என்பதுதான் செயல்பாட்டின் நோக்கம். அந்தச் செயல்பாட்டை ஃபேன்ஸி ஸ்டோருக்குக் குத்தகை விட்டால், நோக்கம் தலைகீழாகிறது. மனப்பாடத்துக்காவது காசு கேட்கவில்லை!

"கடைக்காரர் பிழைக்க வேண்டாமா?" பிழைக்கட்டும். சார்ட்டும் பசையும் நல்ல கத்தரியும் விற்றே பிழைக்கலாம். தெர்மாகோலைத்தான் விற்க வேண்டும் என்று இல்லை. அலங்காரத்துக்கான தெர்மாகோலை மத்திய அரசு 2022 ஜூலை 1 முதல் தடை செய்துவிட்டது. மக்காத சாமானை வைத்து "பூமியைக் காப்போம்" என்று மாடல் செய்கிற கொடுமை இனியாவது நிற்கட்டும்.

கடைசியில் என்னதான் செய்ய வேண்டும்? ரொம்பப் பெரிய சீர்திருத்தம் ஒன்றும் வேண்டாம். பிராஜெக்ட் வகுப்பிலேயே நடக்கட்டும், வீட்டில் வேண்டாம். எல்லாருக்கும் ஒரே சாமான்: இரண்டு தாள், ஒரு அட்டை, கொஞ்சம் பசை. வகுப்புக்கு ஒரு பொதுப் பெட்டி, அதில் பத்து நல்ல கத்தரி, அந்தப் பத்தில் இரண்டு இடது கைக்கு. மார்க் மடிப்புக்கு, வெட்டுக்கு, யோசனைக்கு. மின்னுவதற்கு மார்க் பூஜ்யம். குப்பையிலிருந்தே அறிவியல் பொம்மை செய்து காட்டி அதற்காகவே 2018ல் பத்மஸ்ரீ வாங்கிய அர்விந்த் குப்தா இதே நாட்டில்தான் இருக்கிறார். தீக்குச்சியும் பழைய செய்தித்தாளும் போதும் என்று அவர் நிரூபித்த பிறகும், லிஸ்ட் எழுதிக் கடைக்கு அனுப்புகிற பழக்கத்தை எந்த வாயால் நியாயப்படுத்துவது?

கத்திக் கப்பல் செய்யத் தெரியாத பிள்ளை ஒரு காலத்தில் எந்தத் தெருவிலும் கிடையாது. மழை வந்தால் நோட்டின் நடுத்தாள் போகும், கப்பல் ஓடும். அதற்கு லிஸ்ட் இல்லை, டப்பா இல்லை, மார்க்கும் இல்லை. சொல்லிக் கொடுத்தது பக்கத்து வீட்டு அக்காவோ அண்ணனோதான். அந்தக் கப்பலின் மடிப்பில் இருந்த நேர்த்தி இன்றைக்குப் பல பிராஜெக்ட்டில் இல்லை. அங்கே மடித்தது பிள்ளையின் சொந்தக் கை.

பி.கு: அடுத்த கண்காட்சியில் ஒரு சின்னப் பரிசோதனை. மின்னுகிற மேஜைக்குப் பின்னால் நிற்கிற பிள்ளையிடம் ஒரு வெறும் தாளைக் கொடுத்து "ஒரு கப்பல் செய்து காட்டு கண்ணு" என்று கேட்டுப் பாருங்கள். அப்படியே அந்தக் கோணல் கூரைப் பையனிடமும் கேளுங்கள். அதற்குப் பிறகு மார்க் போடுங்கள்.